ஆறட்டும்

"அந்தப் புகாரை ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கொடுத்துட்டியா, அம்ருதா?" வாசலிலேயே மூச்சிரைக்கக் கேட்டார் சூர்யநாராயணன்.

பாணேர் பகுதியில் அவர்கள் அடுக்ககத்துக்கு மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி கரீமை நீக்கச் சொல்லி நாற்பது வீடுகளில் கையெழுத்து வாங்கி, வேலைக்குப் போகிற வழியில் சங்கங்களின் பதிவாளரிடம் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அம்ருதாவிடம் தந்தவர் அவர்தான்.

"உடைஞ்சது கார்ப்பரேஷன் குழாயாம். கூடவே நின்னு சரி பண்ண வச்சதே கரீம்தானாம். இனி எந்த முகத்தோட அவரைப் பார்ப்பேன்?"

அம்ருதா மேஜை டிராயரைத் திறந்தாள். "கோபம் ஆறட்டும்னு வச்சிருந்தேன், மாமா. இந்தாங்க."

அப்பாடா என்று வாங்கியவர், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பழைய தாளைப் பிரித்தார்.

'செக்ரட்டரி சூர்யநாராயணனை உடனே நீக்க வேண்டும்.' கீழே அதே நாற்பது வீட்டுக் கையெழுத்துகள்.

"அது போன வருஷம் லிஃப்ட் நின்னப்போ எல்லாரும் என்கிட்ட கொடுத்தது, மாமா. அந்தக் கோபமும் ரெண்டே நாள்ல ஆறிடுச்சு."