மூன்றாவது தட்டு

“மூணு தட்டு சுத்தின சத்தம் கேட்டுச்சுடி. மூணாவது யாரோடது? உன் லாரி டிரைவரோடதா?” நேற்றுக் காலைச் சண்டையை மரிவிக் இன்றும் ஆரம்பித்தாள்.

“அப்படி யாரும் இல்லவே இல்ல. சாப்பிட்டுட்டு இருந்தது நானும் லிகாயாவும்தான். உன் காதுக்கும் ஒரு நாள் லீவு குடு அக்கா,” என்றாள் லோர்னா.

கனடாவில், வின்னிபெக்கில் ஒரே வீட்டில் குடியிருந்த பிலிப்பினோ பெண்கள் அவர்கள். சாப்பாட்டின் நடுவே ஒருத்தி வெளியே கிளம்பினால், மற்றவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்று சுற்றி வைப்பார்கள். அப்போதுதான் போனவள் பத்திரமாகத் திரும்புவாள். முதியோர் இல்லத்து வேலைக்கு ஆறு மணி பஸ் பிடிப்பவள் மரிவிக். பூண்டுச் சோறு, பொரித்த முட்டை, கறுப்புக் காபி, முதுகுக்குப் பின்னால் தட்டு சுற்றும் அந்தக் கிரீச். இவ்வளவும் ஆனால்தான் அவளுக்கு விடிந்த மாதிரி.

பயந்தாளா என்றால், அதுதான் இல்லை. “மூணு பேர் சுத்தினா எனக்கு இன்னும் பத்திரம்,” என்று சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டினாள்.

பிறகு, இல்லவே இல்லை என்று சாதித்த அதே லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு லோர்னா கால்கரி நகரத்துக்குப் போனாள். லிகாயா தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். தெருவில் எல்லோரும் பனியில் ஒரு முறையாவது வழுக்கி விழுந்த அந்தக் குளிர்காலத்தில், மரிவிக் மட்டும் விழவில்லை. இப்போதும் தன் ஒரே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் ஒரு நொடி நிற்பாள். காலியான மேஜையில் கிரீச்சென்று ஒரு சுற்று கேட்கும். அதன் பிறகுதான் கதவைப் பூட்டுவாள்.