விளிம்பு அறுத்த காசு

அதே காசு மறுபடியும் வந்திருந்தது.

கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நாணயச்சாலைக்குத் திரும்பி வரும் பழைய காசுகளை மரத்தட்டின் பள்ளங்களில் நெட்டுக்குத்தாக அடுக்கி, விளிம்புகளின் மேல் விரலை ஓட்டுவதுதான் அவள் வேலை. மூன்று நேர்வெட்டு, அவற்றின் குறுக்கே சாய்வாக ஒன்று. விரல் அங்கே வந்ததும் நின்றுவிட்டது.

போன மாதம் வந்தது. அதற்கு முன்னால், மழை விடாமல் பெய்த வாரத்திலும் வந்தது. இரண்டு முறையும் நெருப்பைத் தொட்டவள் போல எடுத்துச் சேதக்காசுப் பையில் போட்டாள். இரண்டு பைகளும் உலைக்குப் போயின. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, எல்லாம் குழம்பாகி ஓடியதை அவளே பார்த்தாள்.

உருகிப்போனது எப்படித் திரும்பி வரும்?

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" எதிர் மேசையிலிருந்து தராசு கேட்டாள். பைகளை எடை போடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்றும் சொல்வார்கள். அவளே முதலில் சொல்லிச் சிரிப்பாள்.

"ஒண்ணுமில்ல. தலைவலி."

"தலைவலியா, வீட்டுக்காரரா?"

வீட்டுக்காரர்தான். இன்று மதியம் அவர் வாசலுக்கு வருவார். இருவரும் கோர்ட்டுக்குப் போய், மகன் இறந்துவிட்டான் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆற்றில் படகு கவிழ்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. மற்றவர்கள் எல்லோரும் கிடைத்தார்கள், உயிரோடோ உடலாகவோ. அவன் மட்டும் எப்படியும் கிடைக்கவில்லை.

"இருக்கான், இல்லைன்னு நடுவுலயே தொங்கிட்டிருக்க முடியாதுடி," என்றார் அவர் நேற்று. "நீ போடலைன்னா என் கையும் ஓடாது."

அந்த வெட்டுகள் மகன் அரத்தால் போட்டவை. சிறுவயதில், தங்கை தன் காசைத் திருடுகிறாள் என்று ஒவ்வொன்றிலும் அடையாளம் வைத்தான். "காசை அறுத்தா குத்தம்டா. என் மேசைக்குத்தான் வரும், உலையில போட்டுடுவேன் பாத்துக்கோ," என்று இவள் மிரட்டிய பிறகு விட்டுவிட்டான். ஒன்றை மட்டும் வளர்ந்த பிறகும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அப்பாவிடம் பேச்சு முற்றி, இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று படகேறிய அன்றும் அது அவன் பையில் இருந்தது.

ஆற்றின் அடியிலிருந்து எழுந்து, கடை கடையாக, கை கையாக மாறி அது அவளைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. உலையும் அதைத் தடுக்கவில்லை. எதற்கு வருகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. என்னை விட்டுடும்மா, போறேன் என்று கேட்க வருகிறது.

இந்த அறையின் சட்டம் எளிமையானது. ஒலி சரியில்லாத காசு சந்தேக மேசைக்குப் போகும். அங்கே பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முகத்தையும் பார்ப்பார்கள். விளிம்பு அறுபட்டது நேராகப் பைக்கு. அதன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, எடை மட்டும்தான். நல்லதையும் கெட்டதையும் விரலாலேயே பிரித்துப் பழகியவளுக்கு, மகன் இருக்கிறானா இல்லையா என்பதை மட்டும் பிரிக்கத் தெரியாமல் போயிற்று.

வாயிற்காவலர் தலையை நீட்டினார். "அம்மா, சார் வந்துட்டார். உள்ள வந்து உக்காருங்கன்னேன். வேணாம்னு வெயில்லயே நிக்கிறார்."

சரி, போகட்டும் என்று நினைத்தாள். காசைத் தட்டிலிருந்து உருவினாள். உள்ளங்கை ஈரமாகிவிட்டது. வியர்வைதான். ஆனால் சேற்று வாடை அடித்தது. பைக்கு மேலே கையை நீட்டினாள், விரல்கள் பிரியவில்லை.

தராசின் மேசைக்குப் போனாள். "இதை நீயே பையில போட்டுடு."

"ஏன், மகாராணிக்குக் கை வலிக்குதா?"

"போடுடி. இன்னொரு தடவை என்னால முடியாது."

தராசு அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த வெட்டுகளைப் பற்றி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் இவளே சொல்லியிருந்தாள். தராசின் குரல் இறங்கியது. "அவனோடதாக்கா?"

"ஆமா. அவன் பையில இருந்தது. மூணு தடவை வந்துட்டான். இன்னிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். சுத்திச் சுத்தி வந்து பாவம், களைச்சிருப்பான்."

காசைத் தராசின் கையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். பின்னால் அது பையில் விழும் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. இத்தனை காலம் கேட்டுச் சலித்த சத்தம்தான். அது கேட்டுவிட்டால் வெளியே போய்விடலாம். வெயிலில் நிற்கும் அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். தராசு ஜன்னலோரம் நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. உள்ளங்கையில் காசை மல்லாக்க வைத்து, வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியுமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது இந்த வருஷம் அடிச்ச காசு."