மைனஸ் ஏழு

சுரங்கத்தின் மென்பொருளில் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு தனி ஆப்ஜெக்ட். அவரவர் பெயரும் அவரவர் நிற்கும் ஆழமும் அவரவரிடம். அந்த ஷிஃப்டின் ஒன்பது பேரையும் ஒரே அரேயில், ஒரே பட்டியலாக, கோத்தவள் அதை எழுதிய அவள்தான். ஒரே ஒரு வரியில் கேட்டால் போதும், ஒன்பது தலைக்கவசங்களும் சேர்ந்து ஆழத்தை மீட்டரில் சொல்லும்; தரை என்றால் பூஜ்யம். ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டாம் என்று அன்று பெருமைப்பட்டாள்.

மண் சரிந்ததும் எட்டுப் பேரை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். ஒன்பதாவது அவளுடைய தம்பி. அவனுக்குப் பதிலாக நசுங்கிய தலைக்கவசம் மட்டும் வந்தது. பேட்டரி கழற்றப்பட்டு அவள் மேசைமேல்தான் கிடக்கிறது.

மறுபடியும் கணினியில் அந்த வரியைக் கேட்டாள். எட்டுப் பூஜ்யங்கள், ஒரு நூற்றைம்பது.

"தேடறத நிறுத்தியாச்சும்மா," என்றார் இன்ஜினீயர். "அது பழைய நம்பரா இருக்கும்."

"பழசுன்னா மாறாது சார். பாருங்க."

எண்பது. இருபது. பூஜ்யம்.

"வந்துட்டான் சார்!" சன்னலுக்கு ஓடினாள். கீழே யாரும் இல்லை. திரும்பி வந்து கேட்டாள். எட்டுப் பூஜ்யங்கள், ஒரு மைனஸ் நான்கு.

"மைனஸ்னா?"

"தரைக்கு மேல சார்."

அவர்கள் இருந்தது இரண்டாவது மாடி. தரையிலிருந்து ஏழு மீட்டர்.

அடுத்த பதில் மைனஸ் ஏழு.

இன்ஜினீயர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க சார். படியில லைட் எரியல. சின்ன வயசுலேருந்தே அவனுக்கு இருட்டுன்னா பயம்."