பெயரில்லாத பட்டன்

தர்மபுரி அலுவலகத்திலிருந்து கலைமணி வீடியோவில் நேர்காணல் நடத்திக்கொண்டிருந்தாள். வேலைக்கு விண்ணப்பித்திருந்த திருமால் பாலக்கோட்டில் தன் வீட்டிலிருந்து பேசினான்.

"நான் அனுப்பின புரோகிராம்ல தப்பு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

அவன் கேமராவைப் பார்க்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவனுடைய ஹெட்போனுக்குள் யாரோ வேகமாக முணுமுணுப்பது அவளுக்கும் கேட்டது.

"பதினாலாவது வரிங்க மேடம். பிராக்கெட்டை மூடலீங்க."

சரியான பதில்தான். ஆனால் ஐந்து கேள்விக்கும் இதே முணுமுணுப்பு. கலைமணிக்குக் கோபம் வந்தது.

"பக்கத்துல இருந்து யாரு சொல்லித் தர்றாங்க?"

"யாரும் இல்லீங்க. வூட்டுல எல்லாரும் தக்காளி மண்டிக்குப் போயிட்டாங்க."

"அப்ப ஹெட்போன் வயரைக் கழட்டுங்க."

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமுங்க."

"பரவாயில்லை, கழட்டுங்க."

கழற்றினான். அவனுடைய கம்ப்யூட்டரிலிருந்து ஓர் இயந்திரக் குரல் அவள் அனுப்பிய புரோகிராமை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க மேடம். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கோடிங் கத்துக்கிட்டேன்."

கலைமணி அவனுடைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தாள்.

"அப்ளிகேஷன்லயே இதை எழுதியிருக்கலாமே?"

"எங்க எழுதறதுன்னே தெரியலீங்க. உங்க வெப்சைட்ல ஒண்ணுத்துக்கும் பேர் வைக்கலை. எதைத் தொட்டாலும் 'பட்டன், பட்டன்'னுதான் படிக்குது. அனுப்புற பட்டனைக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாளாச்சுங்க. யாருங்க அதைப் பண்ணினது?"

"நாந்தான்" என்றாள் கலைமணி. "எப்ப வந்து சரி பண்றீங்க?"