கழன்று வரும் குமிழ்

புது ரேடியோ ஸ்கேனரின் சத்தக் குமிழ் மறுபடியும் லோர்னாவின் கையோடு கழன்று வந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் அந்தச் சிற்றூரில், ஸ்கேனரில் தீயணைப்பு நிலையத்தின் ரேடியோப் பேச்சைக் கேட்டபடிதான் எல்லார் வீட்டிலும் இரவுச் சாப்பாடு. எரிச்சலோடு கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"நீங்க மாத்திக் கொடுத்த பெட்டியும் அதே லட்சணம்தான் தம்பி. திரை மங்குது, பேட்டரி மூடி நிக்க மாட்டேங்குது. போதாததுக்கு, சாயங்காலமானா போன மாசத்துக் கூப்பாட்டையே திரும்பப் போடுது."

"எந்தக் கூப்பாடு, மேடம்?"

"என் வீட்டுக்காரர் வெர்னோட அடக்கத்துல கூப்பிட்டது. தீயணைப்புக்காரர் செத்தா, கல்லறையில வச்சு அவர் நம்பரை ரேடியோவுல மூணு தடவை கூப்பிடுவாங்க. பதில் வராது. அத்தோட அவர் கணக்கு முடிஞ்சது."

"பழைய பதிவு ஏதாவது மாட்டியிருக்கும், மேடம்."

"என்னத்தப் பதிவு? அன்னிக்கு யாரும் பதில் சொல்லலப்பா. இதுல மூணாவது தடவை அவரு பதில் சொல்றாரு."



"பெட்டியைத் திருப்பி அனுப்பிடுங்க, மேடம். வேற தர்றோம்."

"ஒரு மண்ணும் வேண்டாம். குமிழை மட்டும் அனுப்பு. அந்த மனுஷன் உயிரோட இருந்தப்பவே வாய்க்குள்ளதான் பேசுவாரு. சத்தம் கூட்டினாத்தான் என்ன சொல்றாருன்னு கேக்கும்."