வாலை ஒளித்துப் பேசிய குருவி

பூட்டிக் கிடந்த ஒரு மில்லில் நாய்களும் பூனைகளும் ஆளுக்கொரு பக்கமாகக் குடியிருந்தன. அதன் சுவரில் இருந்த பொந்தில் கூடு கட்ட வேண்டும் என்று வாலாட்டிக் குருவிக்கு ஆசை. முட்டையிடும் நேரம் வேறு நெருங்கிவிட்டது. இரண்டு கூட்டமும் சம்மதித்தால்தான் இடம் கிடைக்கும்.

குருவி லேசுப்பட்டதில்லை. நாய் போலக் குரைக்கவும் பூனை போலக் கொஞ்சவும் ரகசியமாகப் பழகிக்கொண்டு, எல்லாரையும் கூட்டிவைத்துப் பொந்தின் விளிம்பில் நின்றது. "லொள், அண்ணன்மாரே! மியாவ், அக்காமாரே!" என்று தொடங்கியதும் அதன் வால் தானாக ஆடியது.

"பாசக்காரப் புள்ளடா, எப்படி வாலாட்டுது பாரு" என்றது சடையன் என்ற நாய்.

சாம்பலி என்ற பூனைக்குக் காது பின்னால் மடங்கியது. "எங்க வம்சத்துல கோவம் வந்தாத்தான் வால் ஆடும். இடம் கேக்க வந்த எடத்துல என்னடி கோவம் உனக்கு?"

குருவி பதறிப்போய் வாலை நிறுத்தியது. உடனே சடையன் உறுமியது. "ஏன், எங்க மூஞ்சி பிடிக்கலையோ?"

குருவி மெல்லப் பின்பக்கமாகவே நகர்ந்து பொந்துக்குள் உட்கார்ந்துகொண்டது. தலையை மட்டும் நீட்டி மிச்சத்தைப் பேசி முடித்தது. உள்ளே வால் ஆடுகிறது என்று நாய்கள் பூரித்தன. அடங்கிக் கிடக்கிறது என்று பூனைகள் நிம்மதியடைந்தன.

"சரி, இடம் தந்தாச்சு" என்றது சாம்பலி. "எப்ப குடி வர்றே?"

"வந்து ரொம்ப நேரமாச்சுக்கா" என்றது குருவி. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, முட்டை இருக்கு."