ஒற்றைப் பூண்டு ரசம்

கூடையில் பக்கத்தில் கிடந்த பூண்டைக் கண்டாலே ஒற்றைப் பூண்டுக்கு இளக்காரம்.

"ஒரு தோலுக்குள்ள பன்னிரண்டு பல்லா! சந்தைக்கடை தோத்துது போ. என்னைப் பாரு, பங்கு கேக்க ஆளே கிடையாது."

"நீங்களும் ஒரு பல்லுதானே அண்ணே?" என்றது அந்தப் பூண்டு.

"யாரைப் பாத்து பல்லுங்கிற? நான் முழுப் பூண்டுடா!"

அந்த நேரம் ரசம் வைக்க வந்த கனகவல்லியின் கையில் ஒற்றைப் பூண்டுதான் முதலில் அகப்பட்டது. "பாத்தியா, ஆள் தெரிஞ்சு எடுக்குறா!" என்று பீற்றிக்கொண்டே அது அம்மிக்குப் போனது. ஒரே தட்டு. முழுசும் நசுங்கி ரசத்துக்குள் விழுந்தது.

சாப்பிட உட்கார்ந்த புருஷன் முகத்தைச் சுளித்தான். "என்ன ரசம் இது, பூண்டு வாசமே காணோம்? எத்தனை பல்லு போட்ட?"

"ஒரே ஒரு பல்லுதாங்க" என்றாள் கனகவல்லி.